தேயாத ஜிங்க்

பியாட்ரிஸுக்குத் துரு என்றால் ஆகாது. சில பேருக்குக் கரப்பான்பூச்சி ஆகாது, சில பேருக்கு நாத்தனார் ஆகாது, இவளுக்குத் துரு. பிரேசர் டவுனில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அந்த வீட்டு கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, குழாயின் கழுத்து எல்லாவற்றையும் கண்ணாலேயே தடவிப் பார்த்துவிடுவாள். கைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் எமரி பேப்பர் ஒரு துண்டு எப்போதும் இருக்கும். வீட்டுக்காரி காபியோடு வரும்போது இவள் வாசலில் குந்தி உட்கார்ந்து கீலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்த மனுஷனையும் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அதை அவளும் கேட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சுத்தம்தான் கடைசியில் அவள் முகம் பார்த்திராத ஒருவனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அவள் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்கு வேலை பெங்களூர் பீன்யாவில், படகு இஞ்சின்களுக்குக் கூலர் செய்யும் ஒரு கம்பெனியில். கடல் எங்கே, பீன்யா எங்கே என்று கேட்கத்தான் தோன்றும். அங்கே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணியில்தான், அதுவும் முழங்கால் நனைகிற அளவுக்கு. ஆனாலும் அவர்கள் செய்த கூலர்கள் லாரி ஏறி மால்பே, மங்களூர், கார்வார் என்று போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கூலர் ஒன்றும் பெரிய மாயம் இல்லை. இஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடான நல்ல தண்ணீர் அதற்குள் வரும். நடுவில் வரிசையாகச் செப்புக் குழாய்கள். குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். இரண்டு தண்ணீரும் கலக்கக் கூடாது, கலந்தால் இஞ்சின் கதை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், கடல் தண்ணீர் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாது. போகிற வழியில் உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும். அதற்காகத்தான் கூலரின் மூடியில், கடல் தண்ணீர் ஓடுகிற பக்கமாக, விரல் தடிமனில் ஒரு துத்தநாகக் குச்சியைத் திருகி வைப்பார்கள். பட்டறையில் அதை ஜிங்க் என்பார்கள்.

ஜிங்க் இருந்தால் கூலர் அரிக்காது. பியாட்ரிஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் அரிக்காது என்று இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் கேட்டதில்லை. அவள் பெயின்ட் செக்‌ஷன். ஜிங்க்கைத் திருகுவது அசெம்பிளிக்காரர்கள். அவர்களும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். உப்புத் தண்ணீர் என்றால் பெங்களூர்க்காரர்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். அது பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், குழாயை அடைக்கும். தேய்த்துத் துடைத்து, மேலே ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம். பியாட்ரிஸ் உப்போடு போராடியதெல்லாம் அந்தத் தண்ணீரோடுதான்.

தன் வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. அவள் கை பட்டு வெளியே போகிற கூலரில் பெயின்ட் வழிந்த தடம் இருக்காது, கொப்புளம் இருக்காது. பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை மெருகேற்றி, அது மங்காமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி லேக்கர் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பாள். முதலாளி வைத்தீஸ்வரன் அந்தப் பக்கம் வந்தால் தகட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டு போவார். அதற்குமேல் அவர் பாராட்டியதில்லை, அவளுக்கும் அது போதும்.

கிளெமென்ட் அவளுடைய ஒரே தம்பி. டீசல் இஞ்சின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே கோளாறு சொல்கிறவன். லிங்கராஜபுரத்தில் லாரிப் பட்டறையில் இருந்தவன், ஒரு வேலையாக மால்பேக்குப் போனான், துறைமுகத்தைப் பார்த்தான், அங்கேயே தங்கிவிட்டான். கன்னடம் தாராளமாக வரும், கையில் தொழில் இருக்கிறது, அப்புறம் என்ன? மனைவி குளோரியாவையும் அழைத்துக்கொண்டு போனான். சில வருஷத்தில் பழைய போட் ஒன்றை வாங்கி ‘ஆரோக்கிய அன்னை’ என்று பெயர் எழுதினான். இஞ்சின் டிரைவராக நாகப்பட்டினம் பக்கத்துக் கவியரசன் சேர்ந்தான். கரைக்கு வந்தால் கவியரசனுக்குச் சாப்பாடு கிளெமென்ட் வீட்டில்தான். குளோரியா மீனை வறுத்து இரண்டு தட்டில் போட்டால், இருவரும் பேச்சு வாக்கில் ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டிருப்பார்களாம். பியாட்ரிஸ் அவனைப் பார்த்ததில்லை. போனில் தம்பி சொல்லிச் சொல்லியே அவனைத் தெரியும்.

போட்டுக்குப் புதுக் கூலர் வேண்டும் என்று கிளெமென்ட் சொன்னபோது பியாட்ரிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தன் கம்பெனிக் கூலர், தன் தம்பியின் போட். மாதாவின் மேலாடை நீலத்தில் பெயின்ட் கலந்தாள். வழக்கமாக மற்றவர்களிடம் விடுகிற வேலையையும் தானே செய்தாள். எல்லாம் முடிந்து மூடிகளைப் பார்த்தபோதுதான் ஸ்டோரிலிருந்து வந்திருந்த ஜிங்க் கண்ணில் பட்டது. மழைக்கால ஈரத்தில் அதன்மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. இதையா என் தம்பிக்கு அனுப்புவது என்று அவளுக்கு மனசே கேட்கவில்லை.

எமரி பேப்பரால் தேய்த்தாள். வெள்ளி மாதிரி வந்தது. ஒரு வாரத்தில் மறுபடி பூத்துவிடுமே என்று யோசித்தாள். தகரக் கூரைக்கு ஜிங்க் பூச்சு இருக்கும், அதன்மேல் பெயின்டும் அடித்தால் கூரை இன்னும் நாலு மழை தாங்கும். அதே நியாயம்தானே இதற்கும்? பித்தளைத் தகட்டுக்குப் பூசுகிற லேக்கரை ஜிங்க் முழுக்க இரண்டு கோட் பூசி, அடுப்பில் சுட்டு எடுத்தாள். அசெம்பிளிக்காரர் அதை வாங்கித் திருகும்போது, "மேடம், இத நகைக்கடைல வெக்கலாம்" என்று சிரித்தார். மற்ற கூலர்களுக்கெல்லாம் அந்த வெள்ளை பூத்த ஜிங்க் அப்படியே போனது. தேய்க்கவும் பூசவும் அவற்றின் போட்டுகளில் அவளுக்குத் தம்பி யாரும் இல்லை.

முதல் சீசன் முடிகிற சமயத்தில் கிளெமென்ட் போன் செய்தான்.

"அக்கா, நீ போட்ட ஜிங்க் அப்பிடியே புதுசாட்டம் இருக்குக்கா. மத்த போட்டுக்காரனுங்க எல்லாம் மாத்தி மாத்தி சலிச்சுப்போயிட்டானுங்க. நம்மளுது தேயவே இல்ல."

"பின்ன? என் தம்பிக்குப் போறத நான் ஏனோதானோன்னு செய்வேனா?"

அன்றைக்கு அவள் செக்‌ஷனில் எல்லாருக்கும் மைசூர்பாக். தேயாத ஜிங்க்கைப் பற்றிக் கேன்டீன் வரைக்கும் பேச்சு. அத்தனை பேர் மைசூர்பாக் தின்றார்களே, அதில் ஒருவருக்காவது ‘ஜிங்க் தேயாமல் இருக்கலாமா’ என்று தொண்டையில் சிக்கியிருக்கக் கூடாதா? சிக்கவில்லை.

அடுத்த சீசனில் நடுக்கடலில் இஞ்சின் புகைந்து நின்றது. வேறொரு போட் வந்து கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது. கூலரைத் திறந்தால் செப்புக் குழாய்கள் சல்லடை. கடல் தண்ணீர் உள்ளே புகுந்து, இஞ்சினின் வயிறு முழுக்க உப்பும் துருவும். கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் குழாய்களைப் பார்த்தார். ஜிங்க்கைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, முழுசாக இருக்கிறதே என்று ஓரமாக வைத்தார். "ஹார்பருக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். கழுவல. அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கழுவுவது இஞ்சின் டிரைவரின் வேலை.

துறைமுகமே பார்க்க, கிளெமென்ட் கவியரசனின் பையைத் தூக்கிக் கரையில் எறிந்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். கவியரசன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பையை எடுத்துத் தட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மால்பேயில் எந்தப் போட்டிலும் அவனை இஞ்சின் பக்கம் விடவில்லை. இஞ்சினைக் கொன்றவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வலை இழுக்கவும் ஐஸ் சுமக்கவும்தான் கூப்பிட்டார்கள்.

கிளெமென்ட்டும் தேறவில்லை. போட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கே, பொம்மனஹள்ளிக்கு வந்தான். அங்கே ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கடலில் ஓடின கை, இப்போது கரன்ட் போகும்போது பட்டனை அழுத்துகிறது. செப்பனிடலாம் என்று பியாட்ரிஸ் ஜிங்க்கோடு சேர்த்துப் பீன்யாவுக்கு வரவழைத்த கூலர், போட் விற்றுப்போனதால் கழிவு இரும்பு அடுக்கில் கிடந்தது.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து, ஆகஸ்டில் போட்டுகள் கடலில் இறங்குகிற நாளில் கவியரசன் கிளெமென்ட்டுக்குப் போன் செய்வான். கிளெமென்ட் எடுக்கமாட்டான். ஒருமுறை பியாட்ரிஸ் பக்கத்திலேயே இருந்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"விட்டுத் தள்றா. கழுவறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு உன் வாழ்க்கையையே கழுவி ஊத்திட்டான். இப்ப போன் ஒண்ணு கேடு" என்றாள். இந்த வார்த்தையைப் பின்னால் நினைத்து நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. லேக்கர் தெரியாமல் பூசியது. இது தெரிந்தே பேசியது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். குவாலிட்டிக்குப் புதிதாக வந்திருந்த சிந்து, உலோகம் படித்த மல்லேஸ்வரத்துப் பெண், கழிவு அடுக்கில் கிடந்த நீலக் கூலரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் அந்த வழியாகப் போனபோது கையில் ஜிங்க்கோடு நிமிர்ந்தாள்.

"மேடம், இதுக்கு யாரு லேக்கர் போட்டது?"

"நான்தான்" என்றாள் பியாட்ரிஸ். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் என்றால், சொல்லும்போது சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டாள். "எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் பளபளப்பு போகல பாத்தியா?"

சிந்துவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் பியாட்ரிஸ் தலைப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன மா?"

"மேடம்... ஜிங்க் தேயறதுக்குத்தான் வெக்கறது. கடல் தண்ணிக்கு எதையாவது தின்னே ஆகணும். ஜிங்க் இருந்தா மொதல்ல அத தின்னும், அது தீர்ற வரைக்கும் செம்பு பக்கம் அவ்வளவா போகாது. லேக்கர் போட்டு மூடிட்டா தண்ணி இத தொடவே முடியாது. அப்ப..." குழாய்களைக் காட்டினாள். சல்லடையாகிப்போன குழாய்கள்.

"அப்ப இது தேயாம இருந்தது..."

"தேயாம இருந்தா வேலை செய்யலைன்னு அர்த்தம் மேடம்." சிந்து ஜிங்க்கை வெளிச்சத்தில் திருப்பினாள். "இங்க பாருங்க, யாரோ ஏற்கெனவே நகத்தால சொரண்டிப் பாத்திருக்காங்க."

நுனியில் ஒரு சின்ன கீறல் இருந்தது. லாரியில் வந்தபோது பட்டிருக்கும் என்று பியாட்ரிஸ் நினைத்தாள், அவளால் அந்த நேரத்தில் அதற்குமேல் எதையும் நினைக்க முடியவில்லை. ஜிங்க்கை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. தம்பியிடம் சொல்வதா வேண்டாமா? போட் போய்விட்டது, சொன்னால் திரும்பி வராது. சிந்து வாயைத் திறக்கமாட்டாள், நல்ல பெண். சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று பாத்திரம் தேய்க்கும்போது தோன்றும். யாருக்கும் இல்லையா, மால்பேயில் ஐஸ் சுமக்கிறவனுக்கு? என்று உடனே கை நின்றுவிடும். கோயிலில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன் வரிசையில் நின்றாள். உள்ளே போய் என்னவென்று சொல்வது, சாமி, நான் லேக்கர் பூசினேன் என்றா? சாமியார் என்ன பரிகாரம் சொல்லுவார்? பாதி வரிசையில் திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய பாவத்தைக் கேட்கவேண்டிய ஆள் கூண்டுக்குள் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஆயுத பூஜை அன்று மெட்ரோ ஏறினாள். புதிதாக வந்திருக்கிற மஞ்சள் லைனில் ஜனம் பண்டிகைச் சேலையும் செவ்வந்திப் பூவுமாக நெருக்கியடித்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் நகை வைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கவேண்டும், தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அபார்ட்மென்ட்டின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறை. வாழைக்கன்று கட்டி, ஜெனரேட்டருக்குச் செவ்வந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தான் கிளெமென்ட். கழுத்தில் அவனுடைய சிலுவை தொங்கியது. வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமத்தோடு சிவப்பாகச் சிதறிக் கிடந்தது.

"வாக்கா, வாக்கா! பாரு, எப்பிடிப் பண்ணிருக்கேன்! குளோரியா உனக்குன்னு பாயசம் எடுத்து வெச்சிருக்கா" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா? ஒடம்பு சரியில்லையா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஜிங்க்கை எடுத்து அவன் கையில் வைத்தாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது. சிந்து சொன்னதை அப்படியே சொன்னாள். "கவியரசன் கழுவாததால இல்லடா. என்னால. உன் கூலருக்கு மட்டும் நான் ஆசப்பட்டு இப்பிடிப் பண்ணேன்" என்று முடித்தாள்.

கிளெமென்ட் பேனாக்கத்தியை எடுத்து ஜிங்க்கைச் சுரண்டினான். மெல்லிய தோல் சுருண்டு வந்தது. உள்ளே உலோகம், அன்றைக்கு அவள் தேய்த்த அதே வெள்ளியாக இருந்தது. கடல் தொடவே இல்லை.

"திட்டுடா. ஏதாவது சொல்லு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜெனரேட்டரில் தொங்கின மாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கவி சொன்னான்க்கா. இஞ்சின் போறதுக்கு ரொம்ப முன்னாடியே சொன்னான். அண்ணே, இந்த ஜிங்க் தேயவே மாட்டேங்குது, எனக்கு என்னமோ புடிக்கல, இதத் தூக்கிப்போட்டுட்டு கடை ஜிங்க் ஒண்ணு போடுவோம்னான்."

"நீ என்ன சொன்ன?"

"எங்கக்கா கையால செஞ்சது, அதுல தப்பே இருக்காது, வாய மூடிட்டு வேலயப் பாருன்னேன்."

பியாட்ரிஸ் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்கா" என்றான் கிளெமென்ட். கோபமே இல்லாமல்தான் சொன்னான். "இத்தன நாளு அவன் தப்புன்னு நெனச்சிட்டு நிம்மதியா இருந்தேன். இந்த ஆகஸ்ட்ல அவன் போன் கூட வரல தெரியுமா? வந்தா எடுக்கமாட்டேன், ஆனா வரலன்னதும் நாள் பூரா போனையே பாத்துட்டிருந்தேன்."

"இப்ப நீ போடு."

"என்னன்னு பேசறது?"

"எனக்குத் தெரியல. ஆனா போடு."

கிளெமென்ட் சந்தனம் ஒட்டின விரலால் எண்ணைத் தேடி அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணெய் டின் மேல் வைத்தான். கையில் பிடித்துக்கொண்டு பேசுகிற தெம்பு அவனுக்கு இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று இருவரும் நினைத்த நேரத்தில் எடுத்தான்.

"அலோ... அண்ணே? நீயாண்ணே?" பின்னால் ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் இரைச்சல். "இருண்ணே, கொஞ்சம் தள்ளி வர்றேன்." இரைச்சல் குறைந்தது. "சொல்லுண்ணே. நல்லாருக்கியா? அண்ணி நல்லாருக்காங்களா?"

"கவி..." கிளெமென்ட் விரலில் ஒட்டின சந்தனத்தைச் சட்டையில் துடைத்தான். "ஆகஸ்ட்ல ஏன்டா போன் பண்ணல?"

"நீ எடுக்கமாட்டேங்கறியேண்ணே" என்றான் கவியரசன். சிரித்த மாதிரிதான் இருந்தது. "தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டேன்."

"கவி, நீ ஒழுங்காத்தான்டா கழுவுன. ஜிங்க்லதான் தப்பு. அதுமேல லேக்கர் பூசியிருந்துச்சு. இப்பதான் எனக்குத் தெரியும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று கிளெமென்ட் குனிந்து பார்த்தான்.

"தெரியும்ணே" என்றான் கவியரசன்.

"என்ன தெரியும்?"

"லேக்கர்னு பேரு தெரியாது. அன்னிக்கு கரைல கூலரப் பிரிச்சப்ப ஜிங்க்க நகத்தால சொரண்டுனேன். தோலாட்டம் உரிஞ்சு வந்துச்சு. சரிதான், இதான் சங்கதின்னு தெரிஞ்சுபோச்சு."

பியாட்ரிஸ் எண்ணெய் டின்மேல் போனுக்குப் பக்கத்தில் கிடந்த ஜிங்க்கைப் பார்த்தாள். நுனியில் அந்தக் கீறல் இருந்தது.

"அப்ப ஏன்டா சொல்லல?" கிளெமென்ட் கத்தினான். அன்றைக்குத் துறைமுகத்தில் கத்தியது போலவே கத்தினான். ஆனால் கண்ணில் தண்ணீர் ஓடியது. "அத்தன பேரு முன்னால உன் பையத் தூக்கி எறிஞ்சேனேடா! சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"எப்பிடிண்ணே சொல்றது? நீ இருந்த நெலமைக்கு, அக்கான்னு ஒரு வார்த்த நான் எடுத்திருந்தா அவங்களையும் தூக்கி எறிஞ்சிருப்ப" என்றான் கவியரசன். "போட்டும் போச்சு. அக்காவும் போயிட்டா உனக்கு யாருண்ணே இருக்கா? எனக்கென்ன, நான் வேற எடத்துல பொழச்சிக்குவேன்னு நெனச்சேன்."

அவன் பிழைத்துக்கொண்ட லட்சணம்தான் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. கிளெமென்ட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாலை போட்ட ஜெனரேட்டருக்கும் உடைந்த பூசணிக்காய்க்கும் நடுவில் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாமல் இருந்தார்கள்.

"அண்ணே, விடுண்ணே. பண்டிக நாள்ல எதுக்கு? அந்த ஜிங்க்க அக்கா எவ்ளோ ஆசையா செஞ்சிருந்தாங்க தெரியுமா, தொடவே மனசு வராது. பாவம், அவங்களுக்குத் தெரியுமா இது? தெரியவேணாம்ணே. சொல்லிடாத." பிறகு ஏதோ நினைவு வந்தவனாகக் கேட்டான். "அக்கா நல்லாருக்காங்களா?"

கிளெமென்ட் எட்டிப் போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, பியாட்ரிஸிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மனுஷனிடம் ‘தம்பி’ என்று கூப்பிட நினைத்தாள். விரல் மட்டும் ஜிங்க்கின் நுனியில் இருந்த கீறலைத் தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணே? லைன்ல இருக்கியாண்ணே? அக்கா நல்லாருக்காங்களான்னு கேட்டேன்" என்று அவன் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தான்.